பதிவேட்டில் ஒரு 'வ'

பெரிய டீச்சர் குள்ளம். சின்ன டீச்சரின் தோளுக்குத்தான் வருவார். பிள்ளைகள் உயரத்தைப் பார்க்காமல் உறவைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தார்கள். பெரியவர் அண்ணி, சின்னவள் நாத்தனார். இருவரும் ஒரு லேத் பட்டறையின் மாடியில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கீழே இரும்பைக் கடையும் சத்தம் கிளம்பினால் வாய்ப்பாடு பாதியில் நிற்கும். ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். படிக்க வந்தவர்கள் கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகள், குப்பை பொறுக்குபவர்களின் பிள்ளைகள். கட்டடம் முடிந்தால் குடும்பம் இடம் மாறும். பிள்ளையும் போய்விடும்.

டீச்சர் ஆவதற்கு முன் பெரிய டீச்சர் பதினோரு வருஷம் ஒரு சட்டை கம்பெனியில் சரிபார்க்கும் மேஜையில் நின்றவர். தையல் கோணினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போட வேண்டும். தபாலில் படித்துத் தேறி அந்த வேலையை விட்டபோது, இனி எதையும் கழித்துப் போடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார். அந்தப் பிடிவாதம் வருகைப் பதிவேடு வரைக்கும் வந்தது. வந்த பிள்ளைக்கு ஒரு சாய்கோடு போடுவார். வராத பிள்ளைக்கு 'இல்லை' என்று எழுதக் கை எழாது. 'வ' என்று போடுவார். வருவான், வருவாள்.

"இது ஒரு நாள் நம்மள வம்புல மாட்டி விடப்போகுது அண்ணி," என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொள்வாள்.

அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வாளர் வந்தது, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு. இரும்புப் படி ஏறிய களைப்பில், கையில் அகப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒன்றாம் வகுப்பு நாற்காலி. முழங்கால் முகவாயைத் தொட்டது. தினமும் சராசரி முப்பது பேர் வந்திருந்தால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து. இல்லையென்றால் பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

பதிவேட்டைப் புரட்டினார். "கோடு போட்டது நேரத்துக்கு வந்தவங்க. 'வ' போட்டது லேட்டா வந்தவங்க. அப்படித்தானே?"

பெரிய டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மேஜைக்கு அடியில் ஒரு பாதம் அவர் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"ஆமா சார்," என்றாள் சின்ன டீச்சர். "காலையில வேலைக்குப் போயிட்டு வர்ற பசங்க சார்."

"அப்போ நாப்பத்தோரு பேர். பரவாயில்லையே!" ஆய்வாளர் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். பெரிய டீச்சர் எட்டிப் பார்த்தார். 'வராத பிள்ளைகள்: ஒருவரும் இல்லை.'

கோடுகளை மட்டும் எண்ணினால் இருபத்துநாலுதான் தேறும். அது அவருக்கு மனப்பாடம். ஆனால் அப்போது கண்ணில் நின்றது எண்ணிக்கை அல்ல, 'ரேடியோ' என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி. வாயை மூடவே மூடாததால் அந்தப் பெயர். ஒன்பது நாளாக அவளுக்கு 'வ'தான்.

"சார், அது வந்ததுக்கு 'வ' இல்ல. வருவான்னு 'வ'."

காலில் இருந்த பாதம் அழுத்தியது.

ஆய்வாளரின் பேனா நின்றது. "என்னம்மா சொல்றீங்க? நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அது எனக்கும் தெரியும் சார். அதுக்குத்தான் இவ இவ்வளவு நேரமா என் காலை மிதிச்சுக்கிட்டு இருக்கா."

சின்ன டீச்சர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வந்துட்டான்னு நீங்க எழுதிட்டா, அப்புறம் அவனை யாரும் தேட மாட்டாங்க சார்," என்றார் பெரிய டீச்சர்.

ஆய்வாளர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். 'வ' போட்ட ஒவ்வொரு பெயர் மேலும் விரலை வைத்தார். பெரிய டீச்சர் யோசிக்காமல் சொன்னார்: இவன் தம்பியைப் பார்த்துக்கொள்கிறான்; இவளுக்குக் காலில் கண்ணாடி குத்திவிட்டது; இவன் குடும்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறது, மாதக் கடைசியில் திரும்பும். ரேடியோவின் பெயர் வந்ததும் நின்றார். "இவ எங்கன்னு மட்டும் தெரியல சார்."

ஆய்வாளர் படிவத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்தார். "மூணு மாசம் தர்றேன். அதுக்குள்ள முப்பது பேர் வரணும். அதுக்கு மேல என் கையில எதுவும் இல்ல."

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும் வரை சின்ன டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வெடித்தாள்.

"மூணு வருஷம் அண்ணி! சும்மா உக்காந்திருந்தா போதும். அதுகூட உங்களால முடியல."

"முடியலடி."

"கல்யாணத்துக்கு முன்னாடியே அண்ணன்கிட்ட விசாரிச்சிருக்கணும், பொண்ணுக்குப் பொய் பேச வருமான்னு."

"உங்க அண்ணன் பேசுற பொய்யே ரெண்டு பேருக்குக் காணும்."

சிரிக்கக் கூடாது என்றுதான் சின்ன டீச்சர் முகத்தைத் திருப்பினாள். தோள் குலுங்கியது. ஜன்னல்களைச் சாத்தினாள். செருப்பை மாட்டினாள்.

"அந்த ரேடியோ வீடு எங்க இருக்கு?"

"தெரிஞ்சா போயிருக்க மாட்டேனா? பழைய ஜாகையைக் காலி பண்ணிட்டாங்க. மூணு தெரு கேட்டுட்டேன்."

"நாலாவது தெருவுல நான் கேக்கறேன். நீங்க வாயே திறக்காதீங்க. பள்ளிக்கூடம் மூணு மாசத்துல மூடினாலும் மூடிடும்னு அங்கயும் உண்மையைச் சொல்லிட்டு வருவீங்க."