மூன்று மாதமாகக் குளிக்காதவள்

நான் பேக்கிங் ஹால் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் வாரமே எல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். காலை எட்டேகாலுக்கு. மறுநாளும் எட்டேகாலுக்கு. மூன்றாம் நாளும் அதே எட்டேகால். எங்கள் கம்பெனி சங்குகூட அவ்வளவு நேரம் தவறாமல் ஊதியதில்லை.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த மாத்திரைக் கம்பெனி அது. பெயர் வேண்டாம். சத்து மாத்திரையைப் பாட்டிலில் நிரப்பி, பஞ்சு அடைத்து, மூடி திருகி, லேபிள் ஒட்டுவது எங்கள் ஹாலின் வேலை. பி-காம்ப்ளெக்ஸ் ஓடும் நாளில் ஹால் முழுக்க ஊறிப்போன கோழித்தீவன வாடை அடிக்கும். பிள்ளைத்தாய்ச்சிகளின் உடம்பு தேற டாக்டர்கள் எழுதிக்கொடுத்தது அதைத்தான்.

எனக்கு இருபத்து மூன்று வயது. கையில் கெமிஸ்ட்ரி டிகிரி, கழுத்தில் டை, தலைக்குள் காற்று. நாலு அண்ணன்களோடு வளர்ந்து, ஹாஸ்டலில் முற்றியவன். பெண்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்குப் பஸ்ஸில் தனி சீட் உண்டு என்பதுதான்.

எல்லம்மா கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் வருபவள். டெம்பரரி. அந்த மாதக் கடைசியில் பர்மனென்ட் லிஸ்ட் போடுவதாக இருந்தது. அவள் பெயரும் அதில் இருந்தது. ஆனால் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் டெம்பரரி அன்றே கேட்டுக்கு வெளியே. இது எழுதப்படாத சட்டம். எழுதினால் கம்பெனி மாட்டிக்கொள்ளும் என்பதால் எழுதவில்லை. ஹாலில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சட்டம், சூப்பர்வைசருக்குத்தான் தெரியாது.

மூன்று முறை சீட்டை விட்டு எழுந்தால் காரணத்தோடு மானேஜருக்கு ரிப்போர்ட் போக வேண்டும். பக்கத்து சீட் குப்பம்மாவை விசாரித்தேன். வயதில் மூத்தவள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது மூணு மாசமா முழுகாம கீது சார். யாராண்டயும் சொல்லிடாதீங்க."

மூன்று மாதமா! நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லவில்லை. எழுதினேன். "இந்த ஆப்பரேட்டர் மூன்று மாதமாகக் குளிப்பதில்லை, அதனால் குமட்டல்" என்று பிழையில்லாத ஆங்கிலத்தில்.

மானேஜர் கல்கத்தாக்காரர். ரிப்போர்ட்டும் கையுமாக ஹாலுக்குள் பாய்ந்தார்.

"த்ரீ மன்த்ஸ்! ஸ்னானம் இல்லே? நம்ம மாத்திரை பேஷண்ட் வாயிலே போகுது மேன்! இன்னிக்கே வெளியே அனுப்பு!"

எல்லம்மா எழுந்து நின்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க மூணு மாசமா குளிக்கிறதில்லைன்னு புகார்" என்றேன். அவள் குப்பம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூக்கில் கைக்குட்டையோடு நின்ற மானேஜரைப் பார்த்தாள். என் மண்டையில் என்ன நடந்திருக்கும் என்பதை அந்த ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆமா சார், குளிக்கல" என்றாள் சத்தமாக. "எங்க ஊட்டாண்ட தண்ணிக்கு ஒரே பேஜாரு. விடியறதுக்குள்ள ரயிலைப் புடிக்கணும். இங்கியே குளின்னா குளிக்கிறேன் சார். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க."

தினமும் தலைவாரிப் பூ வைத்து, பளிச்சென்று வருகிறவள், ஹாலே கேட்க அப்படிச் சொன்னாள்.

மானேஜர் இளகினார். தப்பை ஒப்புக்கொள்பவர்களை அவருக்குப் பிடிக்கும். உடனே ஆர்டர்: தினமும் எட்டு மணிக்கு அரை மணி நேரம் பாத்ரூம், ஸ்டோர்ஸிலிருந்து சோப்பு, குளித்ததற்கு சூப்பர்வைசர் ரிஜிஸ்டரில் கையெழுத்து போட வேண்டும்.

அவர் போனதும் குப்பம்மா என்னைக் குழாயடியில் மடக்கினாள்.

"ஏன் சார், உங்கம்மா முழுகிக்கினேவா உங்களப் பெத்துச்சு?"

"அப்படின்னா?"

"அப்டின்னா அது வவுத்துல புள்ள கீது. மசக்க. டிகிரி படிச்சவன்தானே நீ?"

சார் போய் நீ வந்துவிட்டது. எனக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை சரியான அளவில் கிடைத்தது.

ரிப்போர்ட்டைத் திருத்தினால் எல்லம்மாவுக்கு வேலை போகும். திருத்தாவிட்டால் நான் தினமும் பொய்க் கையெழுத்துப் போட வேண்டும். மானேஜரிடம் போய் என் முட்டாள்தனத்தை விளக்கத் தைரியம் வரவில்லை. என் கோழைத்தனம் ஒருவருக்கு உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை.

எட்டு மணிக்கு எல்லம்மா சோப்போடு போவாள். குழாயைத் திறந்துவிட்டால் வாந்திச் சத்தம் வெளியே கேட்காது. வாயைக் கொப்பளித்துவிட்டு, முந்தானையில் முடிந்த பொரியை ஒவ்வொன்றாக மெல்லுவாள். ஒரு துண்டு நார்த்தங்காயை நாக்கில் அடக்கிக்கொண்டு ஈரத் தரையில் சாய்ந்திருப்பாள். "காலி வவுத்தோட கெடக்காத, ஒரு புடியாவது துன்னு" என்பது குப்பம்மா வைத்தியம். மாத்திரைக் கம்பெனியில் வேறு வைத்தியம் இல்லை. என் பங்குக்கு, மெஷின் மேல் பழி போட்டு பி-காம்ப்ளெக்ஸை மத்தியான ஷிப்டுக்குத் தள்ளினேன்.

பர்மனென்ட் லிஸ்ட்டில் கையெழுத்துப் போடும் நாளன்று மானேஜர் எட்டுக்கு முன்பே ஹாலுக்கு வந்துவிட்டார். அன்று பார்த்து அவர் தலையில் நெடியடிக்கும் ஏதோ தைலம் வேறு. எல்லம்மாவின் மேஜையிலேயே லிஸ்ட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார். அவள் முகம் வெளுத்தது. கை வாய்க்குப் போனது.

"சார், குளிக்கிற டைம்!" என்று கத்தினேன். ஹாலே திரும்பிப் பார்த்தது.

மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "கோ, கோ!" என்றார். அவள் பறந்தாள். "பாரு மேன், என்ன ஆர்வம்! நான்தான் திருத்தினேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் பெயருக்கு எதிரே கையெழுத்திட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவள் பிரசவ லீவு விண்ணப்பத்தை நான்தான் கொண்டுபோனேன். படித்தார். தன் அறையின் கண்ணாடித் தடுப்பு வழியாக ஹாலைப் பார்த்தார். இப்போது வயிறு யாருக்கும் தெரியும்படி இருந்தது. குளியல் ரிஜிஸ்டரை வரவழைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"நீ முட்டாளா, கெட்டிக்காரனா?"

"முதல் நாள் மட்டும் முட்டாள் சார்."

ரிஜிஸ்டரை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு லீவில் கையெழுத்துப் போட்டு, "இனிமே யார் குளிக்கலேன்னாலும் எனக்கு எழுதாதே" என்றார்.

புதிதாகச் சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல இருப்பது இதுதான். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால், பேனாவைத் தேடாதீர்கள். நீங்கள் நிற்பது வாசலுக்கு நடுவிலா என்று பார்த்து, முதலில் நகருங்கள்.