குங்குமத்தின் மேல் தப்பில்லை என்றவர்

மாதேவண்ணா போய்விட்டாராம். காலையில் மகள் போனில் சொன்னாள்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு துணிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவர் சிரித்தால் கீழே மார்க்கெட்டில் பூ விற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. மகளுக்குக் காலேஜில் கடைசி வருஷம். ப்ராஜெக்டை விண்டோஸில் இல்லை, லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்தில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

என் கொழுந்தன் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தான். கொடுத்ததைச் சொந்தம் முழுக்கச் சொல்லியும் வைத்தான்.

ஆயுத பூஜை வந்தது. மிக்ஸி, சைக்கிள், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். லேப்டாப் மூடிக்கும் வைத்தேன். மைசூரில் யார்தான் வைக்க மாட்டார்கள்?

மறுநாள் மகள் லினக்ஸ் சிடியைப் போட்டாள். பாதியில் அப்படியே நின்றுவிட்டது. எந்த பட்டனுக்கும் அசையவில்லை. அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே இடத்தில்...

கொழுந்தன் வந்து பார்த்தான்.

"ஏன் அண்ணி, இது என்ன ஆட்டோவா, பொட்டு வெச்சு பூ போட? குங்குமம் உள்ள போயிருச்சு. படிக்காதவங்க இருக்கற வீட்டுல குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

என் மகளை எதிரில் வைத்துக்கொண்டு சொன்னான். அன்று அவன் போட்டிருந்த சட்டை நிறம் கூட எனக்கு மறக்கவில்லை. மாம்பழ மஞ்சள்.

லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு மாதேவண்ணா கடைக்குப் போனேன். ஆன் செய்தார். விண்டோஸ் நன்றாகவே வந்தது.

"ஏனக்கா, குங்குமம் உள்ள போயிருந்தா இதுவும் நின்னிருக்கணும் தானே? லினக்ஸுக்கு மட்டும் குங்குமம் ஆகாதா?"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் அவர் போட்டாலும் லினக்ஸ் நின்றது. சிடிதான் மோசம் என்று அடித்துச் சொன்னார். வேறு சிடி வாங்கி வந்து போட்டார், அதுவும் நின்றது. கன்னடத்தில் லேப்டாப்பை நன்றாகத் திட்டினார்.

அப்புறம் பக்கவாட்டில் செருகியிருந்த, டெலிபோன் ஒயர் மாட்டுகிற மோடம் கார்டைப் பிடுங்கி மேஜையில் வைத்தார். மறுபடி சிடி. நிற்கிற இடம் வந்தது... தாண்டியது... கடைசி வரை ஓடியது.

"இந்த கார்டை யாரும்மா சொருகினது?"

"சித்தப்பா," என்றாள் மகள்.

அந்தச் சிரிப்பு!

"அப்போ சித்தப்பாகிட்ட சொல்லும்மா. நிறுத்தினது அம்மா வெச்ச பொட்டு இல்ல, அவர் வெச்ச கார்டு."

மூடியைத் துடைக்கப் போன மகளின் கையைத் தட்டிவிட்டார். "இருக்கட்டும், அம்மா வெச்சது."

ப்ராஜெக்ட் ஓடியது. மகள் பாஸ்.

அதற்கப்புறம் எந்த ஆயுத பூஜைக்கும் அவர் கடைக்கு நான் போகாமல் இருந்ததில்லை. ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டரை எல்லாம் துடைத்து வைத்துக் காத்திருப்பார். "அக்கா, நீங்க வெச்சாத்தான் ஓடும்," என்பார்.

தப்பு தன்னுடையது என்று கொழுந்தன் இன்று வரை ஒத்துக்கொள்ளவில்லை. பேத்தியிடம் சொல்லி அவனை இந்த ஃபேஸ்புக் பதிவில் டேக் செய்திருக்கிறேன். படிக்கட்டும்.

மகள் எதிரில் என் மானத்தைக் காப்பாற்றினீர்கள். போய் வாங்க, மாதேவண்ணா.