கேன் தண்ணீருக்கு ஒரு குழாய்

கரண்ட் அடித்தால் ஆள் அலறுவார்கள் என்றுதான் இந்த வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் அலறவில்லை. சமையலறையில் சிங்க் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் எவர்சில்வர் டம்ளர், இன்னொரு கை குழாயின் மேல். நான் வாசற்படியில் நின்று, "என்ன பாப்பா, தண்ணி வரலையா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. முதுகில் கிடந்த பின்னல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

எழுதி வைத்தால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று என் கணவர் சொல்கிறார். அதனால் எழுதுகிறேன். இறங்கினால் சரி.

அந்தக் குழாயை வைத்தது நான்தான். மலைமேல் அரியூர் நாட்டில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். இங்கே சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். கணவருக்கு நாமக்கல்லில் வேலை. வாரக் கடைசியில் மலையேறி வருவார். மற்ற நாட்களில் நானும் எட்டாவது படிக்கும் மகளும் மட்டும். போன வருடம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் வெள்ளையெல்லாம் மஞ்சளாகி, வாய்க்கு எதுவும் பிடிக்காமல், ஒரு மாதம் சுருண்டு கிடந்தாள். தண்ணீரால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர்தான். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வேன் வளைவுகளில் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போகும். மழை பிடித்துக்கொண்டால் வேன் வராது என்பதால் எப்போதும் கூடுதலாக வாங்கி அடுக்கி வைப்பேன்.

தண்ணீர் வீட்டுக்கு வந்துவிடும். அதைக் கேனிலிருந்து எடுப்பதுதான் பாடு. எனக்கு இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது, கனம் தூக்கக் கூடாது. மகள் கேனைச் சாய்த்துப் பிடிப்பாள், நான் பாத்திரம் பிடிப்பேன், பாதி தரையில் போகும். கேன் வாயில் மாட்டி அழுத்துகிற சார்ஜ் பம்ப் வாங்கினேன். அது கெட்டுப்போனது. இன்னொன்று வாங்கினேன். அதுவும் மழைக்காலத்தில் மூச்சை விட்டது. அப்போதுதான் செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். ஒரு பெண் கேனை மேடைக்கு அடியில் மறைத்து வைத்து, உள்ளே சின்ன பம்ப் ஒன்றை இறக்கி, டியூப் மாட்டி, சிங்க்கில் அழகாக ஒரு குழாய் வைத்திருந்தாள். சுவிட்சைத் தட்டினால் தண்ணீர். எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அவள் வைத்திருந்தது பன்னிரண்டு வோல்ட் பம்ப். நாமக்கல் கடையில் அதைத்தான் கேட்டேன். "அது ஆன்லைன்ல போட்டாத்தானுங்க வரும். இந்த கூலர் மோட்டாரைக் கொண்டு போங்க. அதும் தண்ணிதான் எறைக்குது, இதும் தண்ணிதான் எறைக்குது" என்றார் கடைக்காரர். ஏர் கூலருக்குள் இருக்கும் மோட்டார். நேராக வீட்டு பிளக்கில் சொருகுவது. கேன் வாய்க்குள் நுழையுமா என்பது ஒன்றுதான் என் கவலையாக இருந்தது. அளவு பார்க்கக் கேன் மூடியைக் கைப்பையில் எடுத்துப் போயிருந்தேன். இருந்ததிலேயே ஒல்லியான மோட்டாராகப் பார்த்து, மூடியை வைத்து அளந்து வாங்கி வந்தேன். குழாயும் பிளாஸ்டிக்கில் வேண்டாம் என்று பளபளவென்று ஸ்டீலிலேயே எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலை. கணவர் அந்த வாரம் வரவில்லை. மோட்டாரை வெந்நீரில் அலசி, டியூபை மாட்டி, கேனுக்குள் இறக்கினேன். குழாய் வைக்கச் சிங்க்கின் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு ஓட்டை இருந்தது. மோட்டாரின் வயரும் கீழிருந்து மேலே வர வேண்டும், பிளக் பாயிண்ட் மேடைக்கு மேலேதான் இருக்கிறது. வயருக்கென்று மேடையின் கருங்கல்லைத் துளைக்க ஆள் கூப்பிட வேண்டுமே என்று, வயர் நுனியில் இருந்த பிளக்கைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் குழாயின் கழுத்தோடு சேர்த்து வயரையும் மேலே இழுத்தேன். நட்டை முறுக்கும்போது வயர் கொஞ்சம் நசுங்கியது. இன்சுலேஷன் டேப் சுற்றி, திரும்ப முறுக்கினேன்.

தண்ணீர் வந்தபோது மகள் கை தட்டினாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டி வந்து காட்டினாள். அந்த அக்காவுக்கு மரவள்ளிக் காடும் கொஞ்சம் மிளகுக் கொடியும் உண்டு. குனிந்து மேடைக்கு அடியில் கேனைப் பார்த்தார், நிமிர்ந்து குழாயைப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், கீழ இருக்கற தண்ணிய மேல ஏத்தி, மறுக்கா கீழயே உடறீங்களா?"

"கேனைத் தூக்க வேண்டியதில்லைங்க அக்கா."

"அதுஞ்செரி. எங்க ஊட்ல குடத்தைச் சாய்க்கறதுக்கு ஒரு மனுசன் இருக்கறாரு. அவருக்கும் இப்புடி ஒரு சுச்சு இருந்தாத் தேவலாமுங்க."

மூவரும் சிரித்தோம். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரே ஒரு குறைதான் தெரிந்தது. கரண்ட் போனால் தண்ணீர் நின்றுவிடும். ஐப்பசி மழையில் இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மின்சார அலுவலகத்துக்கு நான் அடிக்கடி போன் செய்து சத்தம் போட்டதில், என் குரல் கேட்டதுமே அங்கிருப்பவர், "டீச்சருங்களா? போயிருச்சுங்களா?" என்பார். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று இன்வெர்ட்டர் வாங்கினேன். கரண்ட் போன நொடியே அது பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும், விளக்கும் அணையாது, குழாயும் நிற்காது. பெட்டி முன்னறையில் வந்து உட்கார்ந்தது. மாட்டுவதற்கு எலக்ட்ரீஷியன் வரவில்லை.

பெரக்கரை நாட்டுக்காரர். மலையில் எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவர்தான் வயரிங். அவருக்குக் காடும் இருக்கிறது. போன் செய்தால், "சாமை அறுப்புங்க டீச்சர். மழை இறங்கிருச்சுன்னா கதிரு நனைஞ்சு வீணாப் போயிருமுங்க. நாளைக்கு வாரேன்" என்பார். நாளைக்கும் சாமைதான் அறுத்தார். கடைசியாகப் பேசிய அன்று எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வேலையை ஒத்துக்கிட்டா வந்து முடிக்கணுங்க. உங்க சாமைக்காக நாங்க இருட்டுல உக்காந்திருக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். "கோவிச்சுக்காதீங்க டீச்சர், இன்னம் ஒரு வயல்தானுங்க பாக்கி" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் சாயங்காலம்தான்.

மழை விட்டிருந்தது. மகள் பள்ளியிலிருந்து ஷூவெல்லாம் சேறாக வந்தாள். வெளியே கல்லில் நின்று காலைக் கழுவிக்கொண்டு அப்படியே உள்ளே போனாள். எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரை ஐஸ் மாதிரி குளிரும் என்பதால் நாங்கள் இருவரும் வீட்டுக்குள்ளேயும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்வோம். அவளுடைய செருப்பு கொல்லைக் கதவருகே கிடந்தது. தாகம். செருப்பைத் தேடவில்லை. ஈரக்காலோடு போய் சுவிட்சைப் போட்டுக் குழாயைத் திறந்திருக்கிறாள்.

நான் கேள்வி கேட்டதும், பதில் இல்லாததும், பின்னல் நடுங்கியதும் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். மோட்டாரின் 'ம்ம்ம்' என்ற சத்தம் கேட்டது. தண்ணீர் அழகாக விழுந்துகொண்டிருந்தது. அப்புறம் அவளுடைய கழுத்தைப் பார்த்தேன். நரம்பு கயிறு மாதிரி நின்றது. என்ன நடக்கிறது என்று புரிந்துதான் ஓடினேனா என்று தெரியவில்லை. அவளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். மெயினை அணைக்க வேண்டும், தொடக் கூடாது என்பதெல்லாம் நினைவிலேயே இல்லை.

என் கை அவளைத் தொடுவதற்கு முன்னால் கரண்ட் போய்விட்டது.

மோட்டார் சத்தம் நின்றது. அவள் கை குழாயை விட்டது. அறுத்துவிட்ட கொடி மாதிரி தரையில் சரிந்தாள். டம்ளர் உருண்டுகொண்டே போய்ச் சுவரில் முட்டியது. அந்த நேரம் பக்கத்து வீட்டிலிருந்து அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. "பாரு, நாடகம் போடற நேரத்துக்குக் கரெக்டாப் புடுங்கிட்டான்! நாசமாப் போறவனுக!"

அதன் பிறகுதான் நான் அலறினேன்.

அக்கா ஓடி வந்தார். நான் தரையில் உட்கார்ந்து மகளை மடியில் போட்டுக்கொண்டு ஏதேதோ கத்திக்கொண்டிருந்தேனாம். அவர்தான் அவள் கன்னத்தைத் தட்டி, "கண்ணு, இங்க பாரு சாமி, அக்காவைப் பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் கண் திறந்தாள். முதலில் கேட்டது, "கரண்ட் போயிருச்சா?"

அக்காவின் கணவர் பைக்கில், பனிமூட்டத்தில், அவளை நடுவில் உட்கார வைத்து மலையிலேயே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள். உள்ளங்கையில் குழாய்ப்பிடியின் வடிவத்தில் வெள்ளையாக ஒரு தடிப்பு எழும்பியிருந்தது. துடிப்பு சரியாக இருக்கிறது, ஆனாலும் நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் போலத் தெரிந்த பெண். எழுதிக்கொண்டே, "மெயினை யாரும்மா ஆஃப் பண்ணினது?" என்று கேட்டார்.

"யாரும் பண்ணலைங்க. கரண்ட் போயிருச்சு."

அவருடைய பேனா நின்றது. என்னைப் பார்த்தார். "தானாவா?"

"தானாத்தாங்க."

அவர் பேனாவை மூடினார். மகளின் போர்வையை இழுத்து ஒரு தடவை சரி செய்துவிட்டுப் போனார்.

மறுநாள் கணவர் வந்து எங்களை வீட்டுக்குக் கூட்டிப் போனார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேடைக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். மோட்டார் ஓடும்போதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து, சிங்க் ஓட்டையின் விளிம்பு வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருந்தது. நான் சுற்றிய டேப்புக்குள் செம்பு மின்னியது. சுவிட்சைப் போட்டால் குழாய், சிங்க் எல்லாவற்றிலும் கரண்ட். எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று சொல்ல முடியாது என்றார். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அவர் என்னைத் திட்டவில்லை. குழாயைக் கழற்றி ஒரு பழைய துணியில் சுற்றி, என் கண்ணில் படாத இடத்தில் வைத்தார்.

மகளுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு முன்னறைக்கு வந்தேன். இன்வெர்ட்டர் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதன் மேல் அவளுடைய பள்ளிப் பை. எடுத்து வைக்கலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மனிதர் சொன்ன நாளில் வந்திருந்தால்? நான் சத்தம் போட்டதற்குப் பயந்து, அறுப்பை விட்டுவிட்டு, அன்று காலையிலேயே வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தால்? சாயங்காலம் ஊரெல்லாம் கரண்ட் போயிருக்கும். என் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்திருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். நானும் போய் அவளைத் தொட்டிருப்பேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் அந்தப் பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார்.

அதற்கு அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், மறு கையில் ஒரு துணிப்பை. "புதுச் சாமைங்க டீச்சர். கோவத்தை மறந்துருங்க. லேட் பண்ணுனது தப்புதானுங்க" என்று நீட்டினார். பையை வாங்கிக்கொண்டேன். கட்டுப்போட்ட கையோடு மகள் வந்து நின்று, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அவர், "அட சாமி" என்று சுவரில் சாய்ந்தார்.

"அண்ணா, காபி போடட்டுங்களா?" என்று அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"போகாதே!" என்று நான் கத்திய கத்தலில் அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

"அம்மா, அங்க குழாயே இல்லம்மா. வெறும் ஓட்டைதான்."

அன்று அவர் இன்வெர்ட்டரை மாட்டவில்லை. வெளியே குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் கம்பி இறக்கினார். மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டிரிப் சுவிட்ச் வைத்தார். கரண்ட் தப்பான வழியில் ஒரு துளி போனாலும் அதுவே கட் பண்ணிவிடுமாம். அதில் சோதித்துப் பார்ப்பதற்குச் சின்னதாக ஒரு பட்டன் இருந்தது. அவர் அழுத்தினார். 'டக்' என்று வீடு இருண்டது. மறுபடி தூக்கிவிட்டார். விளக்கு எரிந்தது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

டக். இருட்டு.

"இன்னொரு தடவை."

"ஏனுங்க டீச்சர், கரண்ட் போகுது போகுதுன்னு எத்தனை பேச்சுப் பேசினீங்க" என்று சிரிக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்.

நானே அழுத்தினேன். டக். தூக்கிவிட்டேன். அழுத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏனுங்க, உங்க ஊட்ல மட்டும் என்னுங்க கரண்ட் போயிப் போயி வருது?"

மகள் என் பக்கத்தில் வந்து நின்று, நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பவும் அழுத்தினேன்.