ஆணியில் தொங்கிய சாவி

சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இரணியல் சந்தையில் என் பலசரக்குக் கடை முன்னால் மீன் விற்கும் மேரிக்கு, இந்த வெயிலில் தினமும் சீரகத் தண்ணீர் நீட்டுவேன். சீரகம் நானே வறுத்தது. அந்தப் பக்குவம் தனிக்கதை.

ஒரு மடக்குகூடக் குடிக்க மாட்டாள்.

"ஏட்டி, நீ என்ன ஒட்டகமா?" என்று கேலி செய்வேன்.

மூன்று நாள் வராமலிருந்து இன்று சோர்ந்து வந்தாள்.

"நீர்க்கடுப்பு, காய்ச்சல் அண்ணாச்சி. நல்லா வெள்ளம் குடிக்கணும், மூத்திரத்த அடக்கப்பிடாதுன்னு டாக்டரம்மா சொன்னாவ."

"நான் தெனமும் தந்தேம்லா மக்கா?"

"குடிச்சா பொறவு எங்க போவேன்? வீட்டுக்குப் போவ சாயங்காலம் ஆவும்லா?"

என் தலைக்கு மேலே ஆணியில் கடைக் கழிப்பறைச் சாவி தொங்கியது. பத்து வருடமாக அங்கேதான் தொங்குகிறது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாவியை எடுத்து வெளித்தூணில் மாட்டினேன். தண்ணீர் கொடுத்ததையே பெரிய தருமம் என்று நினைத்திருந்தேன். கடை வைத்திருக்கும் மற்ற தருமவான்களே, உங்கள் சாவி எங்கே தொங்குகிறது?