அத்தையின் ஐந்து கட்டை

என் கணவருக்கு இரண்டு அசைக்க முடியாத நம்பிக்கைகள் உண்டு. எந்தக் கம்ப்யூட்டரும் உண்மையில் செத்துப்போவதில்லை, விண்டோஸைத் தூக்கி எறிந்துவிட்டு லினக்ஸைப் போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும் என்பது முதலாவது. இதைக் கேட்கிற எல்லோரும் மேலும் கேட்க ஆசைப்படுவார்கள் என்பது அடுத்தது. பெண் பார்க்க வந்த அன்றே, கையில் கேசரித் தட்டோடு, என் அப்பாவிடம் லினக்ஸைப் பற்றி விடாமல் பேசியவர் அவர். அது ஏதோ புது மதம் போலிருக்கிறது என்று அப்பா பயந்துபோய், மாப்பிள்ளை வீட்டார் சைவப் பிள்ளைமார்தானே என்று தரகரிடம் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கல்யாணமாகி நான் திருநெல்வேலி டவுனுக்கு வந்தபோது அந்த மதத்தில் சேராமல் வீட்டில் மிச்சமிருந்தது என் மாமியாரின் கம்ப்யூட்டர் மட்டும்தான். கணவர் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். கீழே கூடத்தில் அத்தையின் கிழட்டு விண்டோஸ் இருந்தது. அதை ஏறக்கட்ட அவர் பார்க்காத வழியில்லை. அத்தை விடவில்லை, காரணம் தம்புரா.

அத்தை பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் விடிந்ததும் குளித்துவிட்டு வந்து தேவாரம் பாடுவார். நவராத்திரியில் ஒரு நாள் எங்கள் தெருக் கோவிலில் அம்மன் சந்நிதியில் அவர் கச்சேரி. அந்த நாளை வேறு யாரும் கேட்டதுமில்லை, கேட்டால் கோவில்காரர்கள் கொடுத்திருக்கப் போவதுமில்லை. இவ்வளவுக்கும் பின்னால் சுருதி போட்டது, எப்போதோ சி.டி.யில் வாங்கிய ஒரு விண்டோஸ் புரோகிராம். திறந்தால் திரையில் தம்புராப் படம் வரும், அதன் கீழே கட்டை எண்கள். கட்டை என்பது ஹார்மோனியக் கணக்கு, எண் கூடக் கூடச் சுருதி மேலே ஏறும். அத்தை பாடுவது ஐந்து கட்டை. போனிலேயே இலவசமாகத் தம்புரா கிடைக்கிறதே என்று ஒருமுறை நான் போட்டுக் காட்டினேன். "கொசு பாடுத மாதிரில்லா இருக்கு, சவத்தத் தூரப் போடு" என்றுவிட்டார்.

நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அந்த விண்டோஸ் படுத்துக்கொண்டது. நீலத் திரையைப் பார்த்து அத்தை முகம் வாடியது. கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வராத வரன் வந்து கதவைத் தட்டியது போல ஒரு பிரகாசம்.

"லினக்ஸ் போடுதேன்மா. புதுசு மாதிரி ஓடும்."

"ஓடட்டும். எனக்கு என் தம்புரா வேணும்லே."

விண்டோஸுக்கென்று செய்த புரோகிராம் லினக்ஸில் தானாக ஓடாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இது கேட்பதை அதற்கும் அது சொல்வதை இதற்கும் மாற்றிச் சொல்லுகிற ஒரு மென்பொருள் இருக்கிறதாம். கணவர் அதைத் தன் தாயாருக்கு விளக்கினார். "தம்புரா இப்பவும் விண்டோஸ்லதான் இருக்கதா நெனச்சுக்கிட்டு இருக்கும்மா. நாம அத அப்படி நம்ப வைக்கோம்."

"ஏமாத்துததுக்கா லே இம்புட்டுப் படிச்ச?" என்றார் அத்தை.

ஆனாலும் தம்புரா வந்துவிட்டது. அதே படம், அதே எண்கள். சத்தம் முன்னைவிடக் கணீரென்று இருந்தது. ஒலி துல்லியமாக வரட்டும் என்று தானே உள்ளே போய் ஏதேதோ திருகியதாகக் கணவர் பெருமையாகச் சொன்னார். அன்று இரவு சாப்பாட்டில் அவருக்கு ஒரு அப்பளம் கூடுதலாக விழுந்தது.

மறுநாள் காலையில் அத்தை பாட உட்கார்ந்தார். மேலே போகிற இடத்தில் குரல் பிளந்தது. கனைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் பிளந்தது. முதல் நாள் சாப்பிட்ட தயிர்தான் காரணம் என்று தீர்ப்பாகி, வீட்டில் தயிர் நின்றது. அடுத்து ஐஸ் தண்ணீர், அதற்கடுத்து மின்விசிறி. நான் சித்தரத்தையும் அதிமதுரமும் தட்டிப் போட்டு, உடன்குடிக் கருப்பட்டி சேர்த்துக் கஷாயம் வைத்து வைத்துக் கொடுத்தேன். கஷாயம் குடித்த அத்தையைவிட, அந்த வாடையிலேயே குடியிருந்த எங்கள் தொண்டைகள் பிரமாதமாகிவிட்டன. எங்களுக்குத்தான் பாட வராது.

அத்தை ஐந்திலிருந்து நாலரைக்கு இறங்கினார். அதுவும் இழுபறியாக இருந்தது. கடைசியில் நாலு கட்டையில் வைத்தால்தான் மூச்சுவிட்டுப் பாட முடிந்தது. வெளியாட்களுக்கு இது புரியாது, எனக்கும் முதலில் புரியவில்லை. ஐந்து கட்டையில் பாடின பெண்பிள்ளை நாலுக்கு வருவதென்றால், மேல்தளத்தில் குடியிருந்தவர்கள் வண்டி நிறுத்துகிற ஷெட்டுக்கு மாறுகிற அவமானம். வீட்டுக்குப் பாட்டுப் படிக்க வந்துகொண்டிருந்த பிள்ளைகளை, பரீட்சை முடிந்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். காலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடினார். தொண்டை டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வயதுதான் என்றார். அதையே கணவர் வீட்டுக்கு வந்து இன்னும் அன்பாகச் சொன்னார். "வயசாகுதுல்லாம்மா. பாடினது போதும், பைய ரெஸ்ட் எடு."

அன்று சாயங்காலம் அத்தை காய் நறுக்கிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னார். "இந்த நவராத்திரியோட நிறுத்திருதேன், கேட்டியா. பாடத் தெரியாதவன்னு பேர் வாங்குததுக்கு முன்னால எந்திரிச்சிரணும்." காலை நேரத்தில் வீடு கொஞ்சம் அமைதியாக இருக்காதா என்று ஏங்கின மருமகள்தான் நான். அந்தப் பேச்சைக் கேட்டதும் எழுந்துபோய் இன்னொரு கஷாயத்துக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

கச்சேரிக்கு முன்னால் ஒத்திகை பார்க்க வயலின்காரர் வந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர், பல வருடங்களாக அத்தைக்கு வாசிக்கிறவர். நாலு கட்டை என்று அத்தை போனிலேயே சொல்லியிருந்ததால் வீட்டிலேயே தந்திகளை நாலுக்குச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவ்வளவு நாகரிகம். கம்ப்யூட்டர் எழுந்து வர நேரமெடுத்தது. அதுவரைக்கும் வயலினை வைத்தே ஒரு பாட்டைப் பார்த்துவிடலாம் என்று அத்தை ஆரம்பித்தார்.

இந்தத் தடவை குரல் கீழே போகிற இடத்தில் காணாமல் போனது. பிளக்கக்கூட இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. அத்தை பாட்டை நிறுத்திவிட்டார். "மேலதான் போச்சுன்னு பாத்தேன். கீழயும் இல்லையே, அண்ணாச்சி" என்றார். சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்ன சொல்வதென்று தெரியாமல் கஷாயம் கொண்டுவரட்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டர் எழுந்துவிட்ட சந்தோஷத்தில் என் கணவர் நாலு கட்டையை அழுத்தினார். தம்புரா ஒலித்தது. வயலின்காரர் வில்லைப் போட்டார். இரண்டும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் எனக்கே பல் கூசியது. நான் சங்கீதத்தில் சுத்த ஞானசூனியம், தெருவில் போகிற சைக்கிள் மணிக்கும் தலையாட்டுகிறவள்.

"மன்னிக்கணும், நம்ம தந்திதான் இறங்கிட்டு போல" என்று வயலின்காரர் தந்தி கட்டியிருக்கும் பிரடையை முறுக்கினார். "இல்ல, அங்கன ஒண்ணுமில்ல. என் காதும் சேந்து போயிட்டு போல" என்றார் அத்தை. வயலின்காரர் மேலும் முறுக்க, ஒரு தந்தி பட்டென்று அறுந்தது.

"அந்தத் தம்புரா தப்பா இருந்தா?" என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூலஸ்தானத்தில் சாமி இருக்கிறதா என்று கேட்டவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பாடுகிறவர் தப்பலாம், வாசிக்கிறவர் தப்பலாம், சுருதி எப்படித் தப்பும்? நான் என் போனை எடுத்து, கொசு என்று பட்டம் வாங்கிய தம்புராவில் நாலு கட்டையைப் போட்டேன். அது அறுபடாத தந்திகளோடு ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரின் நாலு கட்டை தனியாக மேலே நின்று கத்தியது. வயலின்காரர் அதைத் தேடிக்கொண்டு போனில் நாலரையைப் போட்டார், ஐந்தைப் போட்டார். கம்ப்யூட்டர் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பூலோகத்தில் எந்த ஹார்மோனியத்திலும் அப்படி ஒரு கட்டை கிடையாது.

கணவர் உட்கார்ந்து துழாவினார். அவர் துல்லியத்துக்காகத் திருகிய திருகலில், ஒரு வேகத்தில் பதிவு செய்த தம்புராவை லினக்ஸ் அதைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டியிருக்கிறது. பழைய டேப் ரிக்கார்டர் வேகமாகச் சுற்றினால் குரல் கீச்சென்று ஆகுமே, அதுதான் நடந்திருக்கிறது. திரையில் ஐந்து என்று போட்டிருந்தது, வந்ததெல்லாம் ஐந்தரைக்கும் மேலே. நாலு என்று அத்தை இறங்கிப் பாடியது கிட்டத்தட்ட அவருடைய பழைய ஐந்துதான்; வயலினின் நிஜமான நாலுக்கு இறங்கியபோதுதான் கீழே குரல் இல்லாமல் போயிருக்கிறது. இதைச் சொல்லச் சொல்ல அவர் உற்சாகமாகி, இப்படி ஒரு கோளாறு வருவது எவ்வளவு அபூர்வம் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்.

"சரி பண்ணுலே" என்றார் அத்தை.

பண்ணினார். ஐந்தை வைக்கச் சொன்னார் அத்தை. வயலின் இல்லாமலே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். மேலே போகிற அந்த இடம் வந்தது, குரல் நேராகப் போய் அங்கே நின்றது. கீழேயும் இறங்கி வந்தது. எனக்கு ராகம் தெரியாது, ஆனால் கண் நிறைந்துவிட்டது. அத்தை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இத்தன நாளா ஆறு கட்டையத் தொடப் போயிருக்கீங்கம்மா. அந்தக் காலத்துலயே நீங்க அது பாடினதில்லையே!" என்று வயலின்காரர் சிரித்தார். கணவரும் சேர்ந்து சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுருதி தப்பாதுன்னுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. அதனால நான் என் தொண்டையச் சந்தேகப்பட்டேன். ஒனக்குக் கம்ப்யூட்டர்ல எங்கன தப்பு இருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கதுக்குத்தானலே கம்பெனியில சம்பளம் தாரான்? நீ ஏம்லே என் தொண்டையச் சந்தேகப்பட்ட?"

கணவர் குனிந்து கம்ப்யூட்டர் ஒயர்களை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். கஷாயமாகக் காய்ச்சி ஊற்றின நான், சட்டியைக் கழுவ அடுப்படிக்கு நழுவினேன்.