என்டர் தட்டப் பயந்தவரின் கடிதம்

செவ்வாய்க்கிழமை காலை பிரேசர் டவுனிலிருந்து ஸ்டெல்லா மேடத்தின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார்."

நான் கணக்கு கற்பித்த பள்ளியில் அவர் அலுவலக எழுத்தராக இருந்தார். ஓய்வுபெற்றதும் லிங்கராஜபுரம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். பெங்களூர்த் தமிழர்களின் இணைய மன்றம் ஒன்றில் பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்றார். என்னையும் சேர்த்துவிட்டார்.

முழுக்கச் சிவப்பில் வரும் கடிதத்தைக் கறுப்பாக்குவார். எல்லா வரியும் தடித்த எழுத்தில் வந்தால், "எல்லாரும் ஒண்ணா கத்தினா யார் குரல் சார் கேட்கும்?" என்பார். சிலர் அவரை 'இஸ்திரி மேடம்' என்று கேலி செய்தார்கள். சுருக்கத்தைத்தான் எடுக்கிறேன், துணியை மாற்றவில்லையே என்று அவரும் விடாமல் எழுதினார்.

ஒருநாள் ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். கார்மென்ட்ஸில் வேலை செய்பவர். மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ்ப் பிரிவு. திரை நிறைய ஒரே பத்தி. கரும்பலகையில் இரண்டு கணக்குகளுக்கு நடுவே ஒரு கையகலம் விடாவிட்டால் கடைசி பெஞ்சுக்கு இரண்டுமே புரியாது என்று ஆயுள் முழுக்கச் சொன்னவன் நான். நானே அதைப் படிக்காமல் தாண்டிப் போனேன். 'செங்கல் சுவர்' என்று ஒருவர் பதில் போட்டார்.

ஸ்டெல்லா மேடம் மட்டும் திரைமேல் அளவுகோலை வைத்து வரிவரியாகப் படித்தார். நடுவில் இருந்தது செய்தி: தமிழ்ப் பிரிவை மூடுவது பற்றி வெள்ளிக்கிழமை மகளின் பள்ளியில் கூட்டம், எதிர்ப்பவர்கள் நேரில் வர வேண்டும். ஒரு சொல்லையும் மாற்றாமல் கடிதத்தை ஆறு பத்தியாகப் பிரித்தார். வெள்ளிக்கிழமை தனி வரியாக நின்றது. அன்றே பதில்கள் குவிந்தன.

மன்றத்தை நடத்தியவருக்குக் கோபம். பிறர் எழுத்தில் கைவைக்கக் கூடாது, பழையபடி ஆக்குங்கள், படிக்காதவர்கள் எழுதினால் அப்படித்தான் இருக்கும் என்றார். மேடம் ஆஸ்டின் டவுனுக்கே போய் அந்தத் தாயைப் பார்த்தார். போன் சாட்டில் என்டர் தட்டியதும் எழுதியவரை அனுப்பப்பட்டுவிடுமாம். இங்கேயும் பாதிக் கடிதம் போய்விடுமோ என்று பயந்து, பத்தி பிரிக்கக்கூட அவர் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. பிரித்தது அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

மேடம் மன்றத்தில் எழுதினார்: "அவருக்குத் தெரியாதது தமிழ் அல்ல, ஒரு பொத்தான். எழுதியவரே சம்மதித்துவிட்டார். நான் மாற்ற மாட்டேன்."

பொறுப்பைப் பறித்தார்கள். கடிதம் மறுபடி சுவரானது. அவர் சாதாரண உறுப்பினராக அதையே பத்தி பிரித்து மறுமொழியாக இட்டார். நீக்கினார்கள். மறுபடி இட்டார். வெள்ளிக்கிழமை காலை வரை இதே வேலை. அன்றைய கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. பாதிப் பேர் நின்றோம். தமிழ்ப் பிரிவு மூடப்படவில்லை. அந்தப் பெண் பத்தாம் வகுப்பைத் தமிழிலேயே முடித்தாள்.

இந்த அஞ்சலியை அதே மன்றத்துக்குத்தான் அனுப்புகிறேன். இடம் போதாது, ஒரே பத்தியாகக் கொடுங்கள் என்றார்கள். கொடுக்க மாட்டேன். சேர்த்தால் பிரிப்பேன், நீக்கினால் மறுபடி போடுவேன்.

நேற்று கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவர் தம்பி அந்த அளவுகோலை என்னிடம் கொடுத்தார். இப்போது என் திரைமேல், இந்த வரிக்குக் கீழே இருக்கிறது.

போய் வாருங்கள், ஸ்டெல்லா மேடம். உங்கள் பெயருக்கு முன்னும் பின்னும் இடம் விட்டிருக்கிறேன்.