இரண்டு மோல் அமோனியா

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு கலக்கும். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த வியாதி. மற்ற பிள்ளைகள் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நான் கழிவறையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த வயிறு இப்போது முன்னைவிடப் பெரிதாகிவிட்டது, கலக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த லட்சணத்தில், ஐம்பதை எட்டிப்பார்க்கும் வயதில், நான் வேதியியல் பரீட்சை எழுதினேன்.

திருவொற்றியூரில் துறைமுகச் சரக்கை இறக்கி வைக்கும் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். முன்னால் இரண்டு இரும்பு நாக்கை நீட்டிக்கொண்டு, மூட்டை அடுக்கிய பேலட் பலகையை அப்படியே தூக்கிக்கொண்டு போகுமே, அந்த வண்டி. எனக்குக் கெமிக்கல் ஷெட்டில் வேலை. டிரம்மில் மண்டையோடு படம் போட்டிருந்தால் மெதுவாக இறக்கு, போடாவிட்டால் கொஞ்சம் வேகமாக இறக்கு, இவ்வளவுதான் என் வேதியியல். ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது. கெமிக்கல் ஷெட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அடிப்படை வேதியியலில் பரீட்சை. பாஸானால் புது அடையாள அட்டை, அதே ஷெட். ஃபெயிலானால் அத்திப்பட்டுப் பக்கம் இருக்கும் நிலக்கரி யார்டு.

அத்திப்பட்டு ஒன்றும் அந்தமான் இல்லை. ஆனால் ஷெட்டிலிருந்து என் வீடு கூப்பிடு தூரம். மதியம் மணி அடித்தால் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவேன். என் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பாள். எதிரெதிரே உட்கார்ந்து, சுடச்சுட மீன் குழம்பும் சோறும், கூடவே தெருவில் உள்ள எல்லாரைப் பற்றியும் கொஞ்சம் வம்பும். அத்திப்பட்டுக்குப் போனால் கன்டெய்னர் லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போய், நிலக்கரித் தூசியில் உட்கார்ந்து டிஃபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். நான் நடுங்கியது நிலக்கரிக்கு இல்லை, ஆறிப்போன குழம்புக்கு.

சேஃப்டி மேடம், என் மகள் வயதுதான் இருக்கும், ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுத்தார். நானும் வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் பாயும் சேர்ந்து படிப்பது என்று முடிவானது. பாயும் ஃபோர்க்லிஃப்ட்தான், பக்கத்து வரிசை. டீக்கடை பெஞ்சில் முதல் பக்கத்தைத் திறந்தோம். இடத்தை அடைத்துக்கொள்வதும் எடை உள்ளதுமான எதுவும் பருப்பொருள் என்று போட்டிருந்தது. பாய் என் வயிற்றைப் பார்த்தார்.

"இன்னா நைனா, மொத பக்கத்துலயே உன்னப் பத்தி எழுதிகீறான்?"

திட, திரவ, வாயு நிலையெல்லாம் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது. காசிமேட்டில் ஐஸ் பாரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது என்ன பெரிய விஷயம். அடுத்து அயனிப் பிணைப்பு. சோடியம் தன்னிடமுள்ள ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது, இரண்டும் ஒட்டிக்கொண்டு உப்பாகிவிடுகிறது. கொடுத்தவனுக்கு பாசிட்டிவ், வாங்கியவனுக்கு நெகட்டிவ். இதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. என் மச்சான் ரெண்டு நாளில் தருகிறேன் என்று என் பைக்கை வாங்கிப் போய், இன்றுவரை அவன்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஊரெல்லாம் அவனை சாமர்த்தியசாலி என்றது. யார் பாசிட்டிவ், யார் நெகட்டிவ் என்று வேதியியல் ஒன்றுதான் சரியாகச் சொன்னது.

"அப்போ இது?" என்று பாய் டீயைக் காட்டினார். ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றி வாங்கியிருந்தோம்.

"ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கினா அது சகப்பிணைப்பு பாய்."

"காசு குடுத்தது நானு. இதுல இன்னா பங்கு?"

வேதிவினையை பரோட்டாக் கடையில் முடித்தோம். இரண்டு பரோட்டாவும் ஒரு கிண்ணம் சால்னாவும் வினைபுரிந்தால் ஒரு நிறைந்த வயிறு கிடைக்கும். பரோட்டா தீர்ந்துபோனால், அண்டா நிறையச் சால்னா இருந்தாலும் வினை நின்றுவிடும். எது முதலில் தீர்கிறதோ அதுதான் வினையைக் கட்டுப்படுத்துகிறது. இதை நான் உரக்க விளக்கிக்கொண்டிருந்தபோது, பரோட்டா மாஸ்டர் கரண்டியை நீட்டி, "கட்டுப்படுத்துறது நானு. துன்னுட்டு எந்திரி மாமு, ஆளு நிக்குது" என்றார்.

இவ்வளவு குஷியாகப் போய்க்கொண்டிருந்த படிப்பில்தான் மோல் வந்து விழுந்தது.

ஒரு மோல் என்பது ஒரு எண்ணிக்கை. ஆறு புள்ளி பூஜ்யம் இரண்டு இரண்டு, பெருக்கல், பத்தின் இருபத்து மூன்றாம் அடுக்கு. அதைப் பார்த்த கணத்தில் பழைய வயிறு விழித்துக்கொண்டது. இதை முழுசாக எழுதிப் பார்த்தால் பயம் போகும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் பூஜ்யமாகப் போட்டுக்கொண்டே போனேன். என் மனைவி தோள்மேல் எட்டிப்பார்த்தாள்.

"யாரு நம்பருங்க இது, நெலாவுக்கு போன் பண்றீங்களா?"

"இவ்ளோ அணு இருக்குதாம் ஒரு மோல்ல."

"இருந்துட்டுப் போவட்டுமே. உங்கள எண்ணச் சொன்னாங்களா?"

கேட்கச் சுலபமாக இருந்தது. ஆனால் புத்தகம் அடுத்த வரியில், ஹைட்ரஜன் அணு ஒரு மோல் ஒரு கிராம், நைட்ரஜன் அணு ஒரு மோல் பதினான்கு கிராம் என்றது. இரண்டும் ஒரே எண்ணிக்கை என்றால் எடை எப்படி வேறாகும்? நான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன். பாயோ, "வுடு நைனா, அந்தக் கேள்விய சாய்ஸ்ல வுட்ருவோம்" என்றார். எங்கள் பரீட்சையில் சாய்ஸ் கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பரீட்சை நாள் காலை. எழுதி முடித்த கையோடு அடையாள அட்டைக்கு போட்டோ எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணாடியைப் பார்த்தேன். மோலைப் படித்ததில் மிச்சமிருந்த கறுப்பு முடியும் நரைத்திருந்தது. தெருமுனைக் கடையில் இரண்டு டியூப் கலக்கிப் பூசும் டை ஒன்று வாங்கி வந்து, தலை முழுக்க அப்பினேன்.

"பரீட்ச தலைக்கு உள்ளயா வெளியயா?" என்றாள் மனைவி. அவளுக்கு ஜலதோஷம், மூக்கு சுத்தமாக அடைத்திருந்தது. இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தலையை அலசப் போனால் குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியின் அடியில் இருந்ததை வழித்து ஊற்றி, துண்டால் துடைத்து, வெள்ளைச் சட்டையைப் போட்டு, வேலைக்குப் போடும் ஹெல்மெட்டை மாட்டி நடந்தே கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் கண் எரிந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண் எரியாமல் போனால்தான் நான் ஓரமாக நின்று யோசித்திருப்பேன்.

பரீட்சை, ஷெட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு ஏ.சி. அறையில். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பாய். பிணைப்பு வந்தது, எழுதினேன். வினைச் சமன்பாடு வந்தது, பரோட்டாவை நினைத்து எழுதினேன். அடுத்து அது வந்தது: முப்பத்து நான்கு கிராம் அமோனியாவில் எத்தனை மோல்? கூடவே, அமோனியாவின் பண்புகளை எழுதுக.

என் கண் முன்னால் அத்திப்பட்டு வந்தது. டிஃபன் பாக்ஸ் வந்தது. குழம்பின்மேல் எண்ணெய் உறைந்து நின்றது. அந்தக் கேள்வியையே முறைத்துக்கொண்டிருந்தேன். அமோனியா, அமோனியா, அமோனியா. கொஞ்ச நேரத்தில் அமோனியா வாடையே வர ஆரம்பித்துவிட்டது.

பயத்தில் மூக்கு பொய் சொல்கிறது என்று நினைத்தேன். பாயைப் பார்த்தால் அவரும் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், உனக்கும் வருதா?"

"வருது நைனா. கண்ணெல்லாம் எரியுது."

"பேசாம எழுதுங்க சார்" என்றார் மேடம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காற்றில் ஏதாவது வாடை வந்தால் முதலில் மூக்கைத் தூக்கி, இது எந்தக் கம்பெனி என்று வழக்காடுவோம். அமோனியா என்றால் மட்டும் வழக்கு கிடையாது, ஓட்டம்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மேடம், அமோனியா! லீக்கு!"

பெஞ்சுகள் உருண்டன. எனக்குள்ளிருந்து யாரோ புத்தகத்தை ஒப்பித்தார்கள். "கர்ச்சீப்ப நனைங்க! மூக்கப் பொத்துங்க! தண்ணில கரையும் அது! காத்துக்குக் குறுக்கால ஓடுங்க!" எல்லாரும் குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கைக்குட்டையை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டார்கள். மேடம் அபாயச் சங்கை அழுத்தினார். காற்று கடலிலிருந்து அடித்தது. நான் வடக்கே ஓடினேன், என் பின்னால் மொத்தப் பரீட்சையும் ஓடியது. இவ்வளவு வேகமாக நான் ஓடி என் மனைவியே பார்த்ததில்லை.

கேட்டருகே நின்றேன். வாடை அங்கேயும் இருந்தது.

"பெரிய லீக்கு! இங்கயும் வந்துட்ச்சு! திரும்புங்க!" தெற்கே ஓடினோம். நின்றேன். இருந்தது. வெயில் ஏற ஏற வாடையும் ஏறியது. வாழ்நாளில் இப்படியொரு கசிவை நான் பார்த்ததில்லை. நான்கு திசையிலும் சமமாகப் பரவியிருந்தது.

"மேடம், ஊரே போச்சு" என்றேன்.

பாய் மட்டும் ஓடுவதை நிறுத்திவிட்டு, கைக்குட்டையை இறக்கி, என்னையே உற்றுப் பார்த்தார்.

"நைனா, அந்தக் கம்பத்தாண்ட போயி நில்லு."

போனேன்.

"இப்போ வாடை இல்ல. இங்க வா."

வந்தேன்.

"இப்போ கீது. மறுபடி போ."

என்னை இரண்டு முறை நடக்கவிட்டார். மூன்றாம் முறை யாருமே பக்கத்தில் இல்லை. மொத்தக் கூட்டமும் மெல்லப் பின்வாங்கி, என்னைச் சுற்றி பெரிய வட்டம் போட்டு நின்றது. பாய் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, என் தலைக்குமேல் குனிந்து, ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். அப்படியே துள்ளிப் பின்னால் போனார்.

"யம்மா! மேடம், கம்பெனி இன்னா கம்பெனி, இவன் மண்டதான் லீக்கு! டை அட்ச்சிக்கினு கழுவாம வந்துகீறான்!"

மேடம் என் தலையைப் பார்த்தார். சங்கு இன்னும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பி வந்தபோது முகத்தில் அதிகாரி நின்றார், கண்ணில் மட்டும் தண்ணீர்.

"சார், எமர்ஜென்சி ஷவர் எங்க இருக்குன்னு தெரியுமா?"

தெரியும். உடம்பில் கெமிக்கல் கொட்டினால் ஓடிப் போய்ப் பிடியை இழுப்பதற்காக, ஷெட் வாசலில் வைத்திருப்பார்கள். தினமும் துடைக்கப்பட்டு, இதுவரை யாரும் உபயோகிக்காமல் பளபளவென்று நின்றது. அதைத் திறந்துவைக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பிடியை இழுத்தேன். மேலேயிருந்து ஒரு அருவி அப்படியே விழுந்தது. வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கோடுகள் ஓடின. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பாய் விசிலடித்தார்.

வாடை போய்விட்டது. பயமும் எங்கோ போய்விட்டது. ஊருக்கு முன்னால் இவ்வளவு நனைந்தவனுக்கு இனி என்ன மானம், என்ன பரீட்சை? கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே பார்த்தேன். ஷெட்டுக்குள் இரண்டு பலகைகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றில் நாற்பது தெர்மாகோல் பெட்டி, ஒரு விரலால் தள்ளலாம். இன்னொன்றில் நாற்பது காஸ்டிக் சோடா மூட்டை. அதைத் தூக்கும்போது என் வண்டி முனகும். இரண்டும் ஒரு பலகைதான். இரண்டிலும் நாற்பதுதான். எடைதான் வேறு.

"பாய்!" என்று கத்தினேன். "மோலுன்னா பேலட்டு!"

"தண்ணி காதுக்குள்ள பூந்துட்ச்சு மேடம் இவனுக்கு" என்றார் பாய்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். பெஞ்சில் ஈரம் ஒட்டாமலிருக்க ஒரு காலிச் சாக்கை விரித்துக் கொடுத்தார்கள். நைட்ரஜன் ஒரு பலகை பதினான்கு, ஹைட்ரஜன் மூன்று பலகை மூன்று, சேர்த்தால் அமோனியா ஒரு பலகை பதினேழு. முப்பத்து நான்கு என்றால் இரண்டு. இரண்டு மோல்! எழுதிவிட்டு, பண்புகள் என்ற இடத்தில், காரமான நெடி உடையது, காற்றில் வேகமாகப் பரவும் என்று எழுதினேன். கடைசியாக, நீரில் மிக நன்றாகக் கரையும், இதை இன்று நானே நின்று பார்த்தேன் என்று சேர்த்தேன். தாளில் ஒரு சொட்டு கறுப்பாக விழுந்தது. அதைத் துடைக்கவில்லை, ஆதாரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றே போட்டோவும் எடுத்தார்கள். "சிரிங்க சார்" என்று போட்டோக்காரர் சொல்லத் தேவையிருக்கவில்லை, அவருக்குப் பின்னால் பாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடையாள அட்டை வந்த மதியம், அதைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி ஜலதோஷம் தெளிந்து பளிச்சென்று இருந்தாள். அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு காதோரம் வெள்ளை, ஒரு காதோரம் கறுப்பு, தலை முழுக்க ஈரம்.

"இன்னாங்க இது, கொடிக்கம்பத்துல மாட்டிக்கினு நனஞ்ச காக்கா மாதிரி?"

"கெமிக்கல் ஷெட்டு காக்கா" என்றேன். "எங்கயும் பறக்காது."

அவள் சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றினாள். நான் அவசரத்தில் ஊதாமல் வாயில் வைத்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, கத்தினேன்.